பீவர் தோலில் பிறந்த கருத்து

17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியுள்ள ஆணின் தலையில் பீவர் தொப்பி இருந்தாக வேண்டும். பீவர், ஓடைக்கரை மரங்களைக் கடித்துச் சாய்த்து அணை கட்டி வாழும் கொறிவிலங்கு. அதன் தோலில் மேலே நீண்ட முரட்டு மயிர், அடியில் பஞ்சு போன்ற மென்மயிர் என இரண்டு அடுக்கு உண்டு. அடிமயிரின் இழைகளில் நுண்ணிய செதில்கள் இருப்பதால், ஈரமும் சூடும் அழுத்தமும் கொடுத்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நெய்யாமலே கெட்டித் துணியாகிவிடும். அந்தத் துணியில் செய்த தொப்பி மழையில் நனைந்தாலும் வடிவம் கெடாது. முரட்டு மயிரை நீக்குவதுதான் பாடு. வட அமெரிக்கப் பழங்குடிகள் மயிர்ப்பக்கம் உடலில் படும்படி ஓராண்டுக்கும் மேல் போர்த்திக் கழித்த தோல்களில் அந்த மயிர் தானாகவே உதிர்ந்திருக்கும். எனவே புதுத் தோலைவிட உடுத்திய பழைய தோலுக்கு வணிகர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள்.

இந்த வியாபாரத்தின் வரலாற்றை எழுதப்போன ஒரு பொருளாதாரப் பேராசிரியரிடம்தான், இன்று ஊடகச் சூழலியல் என்று அழைக்கப்படும் கருத்து முளைவிட்டது. மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது மட்டுமல்ல, எதன் வழியாகச் சொல்கிறார்கள் என்பதும் அவர்களுடைய சமூகத்தை உருவாக்குகிறது என்பது அதன் சாரம். கனடாவின் நதிவழிகளில் தொடங்கி, டொராண்டோ கருத்தரங்க அறை, அமெரிக்கத் தொலைக்காட்சி, நியூயார்க்கின் ஆசிரியர் பயிற்சித் துறை என்று கைமாறி, கடைசியில் ஓர் அறிஞர் சங்கத்தின் கையில் அது சேர்ந்தது. கைமாறிய ஒவ்வொரு முறையும் அதில் ஏதோ சேர்ந்தது, ஏதோ கழன்றது. கழன்றது எது என்று பார்ப்பதுதான் இந்தக் கதையில் எனக்குச் சுவையான பகுதி.

நதிவழி

ஹரால்ட் இன்னிஸ் 1894-இல் ஒன்டாரியோவில் ஆட்டர்வில் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் கனடியப் பீரங்கிப் படையில் சமிக்ஞை அனுப்பும் வேலை பார்த்தார். 1917-இல் பிரான்சில் விமி போர்முனையில் குண்டுச் சிதறல் அவர் தொடையைத் துளைத்தது. ஊர் திரும்பியபின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கனடியன் பசிபிக் ரயில்வேயின் வரலாற்றை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்று, 1920-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

பழைய தொழில் நாடுகளுக்காக எழுதப்பட்ட பொருளாதாரப் பாடநூல்கள் கனடாவுக்குப் பொருந்தவில்லை என்று அவருக்குத் தோன்றியது. மூலப்பொருளை வெட்டியும் பிடித்தும் உரித்தும் வெளிநாட்டுக்கு அனுப்பியே வளர்ந்த நாடு அது. அந்த நாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தப் பொருள்கள் போன வழியிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1924 கோடையில் நண்பர் ஜான் லாங்குடன் 18 அடி நீளக் கித்தான் படகொன்றில் பீஸ் நதியில் இறங்கினார். அத்தபாஸ்கா ஏரி, ஸ்லேவ் நதி, கிரேட் ஸ்லேவ் ஏரி என்று துடுப்புப் போட்டுப் போய், அதற்கப்பால் ஹட்சன் பே கம்பெனியின் சிறு படகொன்றில் ஏறி, மெக்கென்சி நதி ஆர்க்டிக் கடலில் கலக்கும் இடம்வரை சென்றார்.

1930-இல் வெளிவந்த அவருடைய கனடா தோல் வணிக வரலாறு, விலைப்பட்டியலைவிடப் படகுகளைப் பற்றி அதிகம் யோசிக்கும் நூல். தோல் எடை குறைந்தது, விலை கூடியது. ஆகவே மனிதர் தூக்கிப்போகக்கூடிய மரப்பட்டைப் படகில் ஆயிரக்கணக்கான மைல் கொண்டுவந்தாலும் கட்டுப்படியாகும். சரக்கை 90 பவுண்டு பொதிகளாகக் கட்டினார்கள். அருவி குறுக்கிட்ட இடங்களில் படகோட்டிகள் ஆளுக்கு இரண்டு பொதியை முதுகில் ஏற்றிக் கரைவழியே நடந்தார்கள். மான்ட்ரியாலிலிருந்து வரும் பெரிய படகு சுப்பீரியர் ஏரிக்கு மேற்கே உள்ள சிற்றாறுகளில் போக முடியாது. அங்கே சிறிய படகுக்குச் சரக்கு மாற வேண்டும். மாறும் இடத்தில் கிடங்கும் கணக்குப்பிள்ளையும் சந்தையும் உருவாகும். பாதை நீள நீளச் செலவு ஏறும். அந்தச் செலவைத் தாங்க முடியாமல்தான் மான்ட்ரியாலின் நார்த் வெஸ்ட் கம்பெனி, கடல்வழியே கப்பல் கொண்டுவந்த ஹட்சன் பே கம்பெனியோடு 1821-இல் இணைந்தது. கனடா என்ற நாட்டின் எல்லையே பெரும்பாலும் அந்த நதிவழிகளின் எல்லைதான் என்றார் இன்னிஸ். எது எதைச் சுமந்து செல்கிறது என்பதிலிருந்து அரசும் ஏகபோகமும் நாட்டின் உருவமும் பிறக்கின்றன. ஊடகம் என்ற பேச்சே அந்த நூலில் இல்லை. ஆனாலும் விதை அங்கே விழுந்துவிட்டது.

தோலுக்குப் பிறகு காட் மீனைத் தொடர்ந்தார். 1940-இல் அந்த நூல் வந்தது. அடுத்து மரக்கூழ். கனடாவின் காடுகள் கூழாகி, நாளிதழ்த் தாளாகி, நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் ரயிலேறின. 1913-இல் அமெரிக்கா அந்தத் தாள்மீதான இறக்குமதி வரியை நீக்கியபோது போக்குவரத்து பெருகியது. மலிவான தாள், பருத்த நாளிதழ், பக்கம் பக்கமாக விளம்பரம், அதை விற்க இன்னும் பரபரப்பான செய்தி என்று சங்கிலி நீண்டது. முந்தைய சரக்குகளைத் துறைமுகம்வரை தொடர்ந்தால் போதுமாக இருந்தது. இந்தச் சரக்கு துறைமுகத்தைத் தாண்டி வாசகரின் மூளைக்குள் போனது. இன்னிஸும் கூடவே போனார்.

கல், களிமண், தாள்

தன் கடைசிப் பத்தாண்டில் அவர் பாபிலோன், எகிப்து, கிரேக்கம், ரோம் என்று பின்னோக்கிப் பயணம் செய்தார். டொராண்டோவில் அப்போது கிரேக்க, லத்தீன் அறிஞர்கள் நல்ல கூட்டமாக இருந்தார்கள். 1929 முதல் 1947 வரை அங்கே பணியாற்றிய எரிக் ஹேவ்லாக், வாய்மொழிக் காவிய மரபுக்கும் எழுத்துக்கும் நடந்த இழுபறியிலிருந்துதான் கிரேக்கச் சிந்தனை பிறந்தது என்ற திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். 1948-இல் ஆக்ஸ்போர்டில் இன்னிஸ் ஆற்றிய உரைகள், பேரரசும் தகவல்தொடர்பும் பற்றிய நூலாக 1950-இல் வெளிவந்தன. தகவல்தொடர்பின் சாய்வு பற்றிய நூல் 1951-இல் வந்தது.

அவர் கண்ட கணக்கு இது. கல், சுட்ட களிமண், விலங்குத்தோல் போன்ற கனத்த, உறுதியான ஊடகங்கள் காலத்தைக் கடக்கும், தூரத்தைக் கடக்காது. அவற்றை நம்பிய சமூகங்களில் கோயிலும் குருமாரும் மரபும் வலுப்படும். பாப்பிரஸ், தாள் போன்ற இலேசான ஊடகங்கள் தூரத்தைக் கடக்கும், காலத்தைக் கடக்காது. அவற்றை நம்பிய சமூகங்களில் நிர்வாகமும் படையும் வணிகமும் வலுப்படும். இரண்டில் ஒன்றின் பக்கம் அளவுக்கு மீறிச் சாயும் பேரரசு தடுமாறும். இதில் இன்னிஸுக்கு மிக முக்கியமானது இன்னொன்று: எந்த ஊடகம் மேலோங்கினாலும் அதை இயக்கத் தெரிந்தவர்கள், அதைக் கையில் வைத்திருப்பவர்கள் அறிவின் ஏகபோகத்தை உருவாக்கிக்கொள்கிறார்கள். எகிப்தில் சித்திர எழுத்தைக் கற்ற எழுத்தர்கள் அப்படி இருந்தார்கள்; இடைக்கால ஐரோப்பாவில் தோலேடு எழுதிய மடங்கள் அப்படி இருந்தன. சீனத்திலிருந்து அரபு நாடுகள் வழியாகத் தாள் வந்தபிறகுதான் மடங்களின் பிடி தளர்ந்தது. தோல் வணிகக் கம்பெனிகளைப் படித்த கண்ணுக்கு ஏகபோகம் எந்த உடையில் வந்தாலும் தெரிந்துவிடும்.

பெரிய கண்டுபிடிப்பு, ஆனால் படிக்கச் சிரமமான உரைநடை. ஒரு வாக்கியம் சுமேரியாவில் இருக்கும், அடுத்தது ஆறு நூற்றாண்டு தள்ளி நிற்கும். இடையில் பாலம் போடும் பொறுமை அவருக்கு இல்லை, நேரமும் இல்லை. புற்றுநோய் முற்றி 1952 நவம்பர் 8 அன்று, 58-ஆம் வயதில் இறந்தார். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்துக்கு அந்த ஆண்டு அவர்தான் தலைவர். தகவல்தொடர்பின் வரலாறு என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிய கைப்பிரதி அச்சேறாமல் கிடந்தது. டொராண்டோவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கி அப்போது சரியாக இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கருத்தரங்க அறை

அதே பல்கலைக்கழகத்தின் செயின்ட் மைக்கேல்ஸ் கல்லூரியில் 1946 முதல் ஆங்கில இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தவர் மார்ஷல் மக்லூஹன். எட்மண்டனில் பிறந்து வினிபெக்கில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் எலிசபெத் கால எழுத்தாளர் தாமஸ் நாஷைப் பற்றி ஆய்வு செய்தவர். 1937-இல் கத்தோலிக்கராக மதம் மாறியவர். விளம்பரங்களையும் சித்திரக் கதைகளையும் கவிதை படிப்பதுபோல் படித்துக்காட்டிய தி மெக்கானிக்கல் பிரைட் என்ற அவருடைய முதல் நூல் 1951-இல் வந்தது. இன்னிஸ் தன் மாணவர்களுக்கான நூல் பட்டியலில் அதைச் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டு, யார் இவர் என்று தேடிப் படித்ததாக மக்லூஹனே பின்னாளில் எழுதினார். தன் குட்டன்பர்க் கேலக்ஸி (1962) இன்னிஸின் எழுத்துக்கு ஓர் அடிக்குறிப்பு மட்டுமே என்றும் சொன்னார்.

அடக்கம் காரணமாகச் சொன்ன வார்த்தை அது. கருத்து அவர் கையில் வேறு ஒன்றாகிவிட்டது. இன்னிஸ் பொருளாதாரக்காரர், ஊடகம் அதிகாரத்தை எங்கே குவிக்கிறது என்று கேட்டார். மக்லூஹன் கவிதை படிக்கக் கற்றவர். ஊடகம் புலன்களை என்ன செய்கிறது என்று கேட்டார். அகரவரிசையும் அச்சும் காதின் உலகத்தைக் கண்ணின் உலகமாக மாற்றின. ஒன்றன்பின் ஒன்றாக, வரிவரியாக யோசிக்கும் தனிமனிதரை உண்டாக்கின. மின்சார ஊடகங்கள் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் பழைய கிராமத்துக்கு நம்மைத் திருப்பி அழைத்துப்போகின்றன. இதுதான் அவர் வாதம்.

1953-இல் ஃபோர்டு அறக்கட்டளை 44,250 டாலர் நிதி தந்தது. மக்லூஹனும் ஆர்க்டிக் பகுதி மக்களிடையே ஆய்வு செய்த மானுடவியலாளர் எட்மண்ட் கார்ப்பென்டரும் ஒரு கருத்தரங்கை நடத்தினார்கள். நகர அமைப்பு, பொருளாதாரம், உளவியல் என்று வெவ்வேறு துறையினர் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எக்ஸ்புளோரேஷன்ஸ் என்ற இதழ் 1959 வரை ஒன்பது முறை வந்தது.

அந்தக் குழு ஒரு சோதனையும் செய்தது. மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்து, எழுத்தறியாச் சமூகங்களின் மொழி அமைப்பு பற்றிய ஒரே விஷயத்தை ஒரு குழுவுக்கு விரிவுரையாகவும், ஒன்றுக்கு வானொலியிலும், ஒன்றுக்குத் தொலைக்காட்சியிலும், ஒன்றுக்கு அச்சிலும் கொடுத்துப் பரீட்சை வைத்தார்கள். தொலைக்காட்சிக் குழு முதலிடம், வானொலி அடுத்து. விரிவுரையும் அச்சும் பின்தங்கின. பிறகு ஒவ்வொரு ஊடகத்துக்கும் அதனதன் வித்தைகளைக் காட்ட இடம் கொடுத்து மறுபடி செய்தபோது வானொலி தொலைக்காட்சியை முந்திவிட்டது. யாரும் எதிர்பாராத முடிவு. செய்தி ஒன்றாக இருந்தும் மனதில் நின்றது வேறாக இருந்தது என்பதை அவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சோதனைக்குச் சோதனை வரிசை மாறியதன் காரணத்தை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஒரு முழக்கம் ஊர்சுற்றுகிறது

'ஊடகமே செய்தி' என்ற வாசகத்தை மக்லூஹன் 1958-இல் அமெரிக்கக் கல்வி ஒலிபரப்பாளர்களிடையே பேசும்போது பயன்படுத்தினார். அந்த ஒலிபரப்பாளர்களின் சங்கம் பள்ளிப் பாடத்திட்டத்துக்காக அவரிடம் ஓர் ஆய்வறிக்கை கேட்டது. 1960-இல் முடிந்த அந்த அறிக்கை பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. விரித்து எழுதப்பட்டு 1964-இல் அண்டர்ஸ்டாண்டிங் மீடியா என்ற நூலாகிக் கடைக்குப் போனது. மின்விளக்கு, சாலை, பணம், கடிகாரம், தட்டச்சுப்பொறி எல்லாமே அதில் ஊடகங்கள்.

1965-இல் டாம் வுல்ஃப் அவரைப் பற்றி, இவர் சொல்வது சரியாகவே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்ற தொனியில் ஒரு கட்டுரை எழுதினார். அதன்பிறகு கருத்து புத்தகத்தை விட்டுத் தொலைக்காட்சியிலும் விளம்பர நிறுவனக் கூட்டங்களிலும் பத்திரிகை அட்டைகளிலும் பயணிக்கத் தொடங்கியது. 1967-இல் குவென்டின் ஃபியோரேவின் வடிவமைப்பில் படமும் எழுத்தும் கலந்த மெல்லிய நூல் வந்தது. 1969-இல் பிளேபாய் இதழில் நீண்ட பேட்டி. 1977-இல் உடி ஆலனின் ஆனி ஹால் படத்தில் மக்லூஹன் மக்லூஹனாகவே தோன்றி, தன் கொள்கையைத் தப்பாக விளக்கிய ஒருவரைத் திரையரங்கு வரிசையில் வைத்து மட்டம் தட்டினார். டொராண்டோவில் 1963-இல் தொடங்கிய அவருடைய பண்பாடு, தொழில்நுட்ப மையமோ 1968 முதல் குதிரைவண்டி நிறுத்தும் பழைய கொட்டகை ஒன்றில்தான் இயங்கியது.

இந்த இடத்தில் இன்னிஸின் கணக்கை எடுத்து அவர் கருத்தின்மீதே போட்டுப் பார்க்கலாம். இன்னிஸின் நூல் கனத்த ஊடகம்: அசையாது, ஆனால் கிடக்கும். மக்லூஹனின் முழக்கம் இலேசான ஊடகம்: இரண்டு சொல்தான், எந்த எல்லையையும் தாண்டும். அது தூரத்தைக் கடந்தது. கடப்பதற்காகச் சுமையைக் குறைத்துக்கொண்டது. இறக்கிவைத்த சுமையில் முதன்மையானது ஏகபோகம் பற்றிய கேள்வி. ஒளிபரப்பு நிலையம் யாருடையது, விளம்பரக் காசு எங்கிருந்து வருகிறது, உரிமம் யார் தருகிறார் என்ற கேள்விகள் முழக்கத்துக்குள் அடங்கவில்லை.

அந்த ஓட்டையில்தான் பிரிட்டிஷ் விமர்சகர் ரேமண்ட் வில்லியம்ஸ் கைவைத்தார். 1974-இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில், தொழில்நுட்பம் தானாக வானத்திலிருந்து விழுந்து சமூகத்தை மாற்றுவதில்லை என்றார். அரசுக்கும் வணிகத்துக்கும் படைக்கும் இருந்த தேவைகள்தான் எந்தக் கருவி வளர வேண்டும், எப்படி வளர வேண்டும் என்று தீர்மானித்தன. ஊடகமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட்டால் அந்தத் தீர்மானங்களை எடுத்தவர்கள் பொறுப்பிலிருந்து தப்பிவிடுவார்கள். மக்லூஹனைத் தாக்கிய இந்த வாதம் இன்னிஸை அவ்வளவாகத் தொடவில்லை. கம்பெனிகளும் காப்புவரிகளும் இல்லாமல் இன்னிஸ் எதையும் விளக்கியதில்லை.

மக்லூஹன் 1979-இல் பக்கவாதத்தால் பேச்சை இழந்து, 1980-இன் கடைசி நாளில் இறந்தார். அவருடைய மையத்தையும் பல்கலைக்கழகம் அந்த ஆண்டில் மூடியது. சில ஆண்டுகள் கழித்து அவர் பெயரில் வேறு வடிவில் அது மீண்டது. 1993-இல் தொடங்கிய வயர்ட் இதழ் தன் காவல் புனிதராக அவர் பெயரை அச்சிட்டது. கணினித் தொழிலுக்கு ஊடகம் தரும் உற்சாகம் தேவைப்பட்டது. ஏகபோகக் கேள்வி தேவைப்படவில்லை.

இரண்டு கிளைவழிகள்

முழக்கத்தின் சத்தத்துக்கு அப்பால் கருத்து அமைதியாக நடந்த இரண்டு வழிகள் உண்டு. மக்லூஹன் செயின்ட் லூயி பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது அவரிடம் முதுகலை ஆய்வு செய்த ஏசு சபைத் துறவி வால்டர் ஓங் போட்டது முதல் வழி. 1958-இல் பீட்டர் ராமுஸ் என்ற 16-ஆம் நூற்றாண்டுத் தர்க்க ஆசிரியரை ஆராய்ந்து, அச்சு வந்தபின் உரையாடலாக இருந்த அறிவு எப்படிப் பட்டியலும் கிளைப்படமுமாக மாறியது என்று காட்டினார். 1982-இல் வந்த அவருடைய வாய்மொழியும் எழுத்தறிவும் பற்றிய நூல், எழுத்தை அறியாத சமூகம் எப்படி நினைவில் வைக்கிறது, எப்படி வாதிடுகிறது என்பதை நிதானமாக விளக்கியது. வானொலியும் தொலைக்காட்சியும் கொண்டுவரும் பேச்சு, எழுத்தின் மேல் எழுந்த இரண்டாம் வாய்மொழி என்றார்.

இன்னொரு வழி இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கேரி போட்டது. மக்லூஹனின் புகழ் உச்சத்தில் இருந்த 1967-இலேயே, இருவரில் ஆழமானவர் இன்னிஸ்தான் என்று அவர் வாதிட்டார். 1983-இல் தந்தியைப் பற்றி எழுதிய கட்டுரை இன்னிஸின் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. தந்திக்கு முன்னால் செய்தி ஆளோடும் குதிரையோடும் கப்பலோடும்தான் போகும். தந்திதான் செய்தியைப் போக்குவரத்திலிருந்து பிரித்தது. ஊருக்கு ஊர் விலை வேறாக இருப்பதை வைத்துப் பிழைத்த வணிகம் சுருங்கியது. விளைச்சல் வருமுன்பே விலை பேசும் முன்பேரச் சந்தை சிகாகோவில் தழைத்தது. அமெரிக்க ரயில் கம்பெனிகள் 1883 நவம்பரில் நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்தன. கருவி, காசு, அதிகாரம் மூன்றையும் ஒரே நூலில் கோத்த எழுத்து இது.

ஆசிரியர்களின் கையில்

கருத்துக்கு ஒரு பெயரும் முகவரியும் வகுப்பும் கொடுத்தவர் நீல் போஸ்ட்மன். 1931-இல் நியூயார்க்கில் பிறந்தவர், ஆசிரியர்களுக்கு ஆசிரியர். 1968-இல் ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றக் கூட்டத்தில், பள்ளியில் ஆங்கிலம் என்ற பாடத்தின் இடத்தில் ஊடகச் சூழலியலை வைக்க வேண்டும் என்று பேசினார். ஊடகங்களைச் சூழலாகக் கருதிப் படிப்பதுதான் அது என்று இலக்கணமும் தந்தார். ஒரு சூழலில் புதிதாக ஒன்று சேர்ந்தால் பழைய சூழல் அப்படியே இருந்து கூடவே புதியது ஒன்று நிற்காது, மொத்தமும் மாறிவிடும். அச்சு வந்த பிறகு இருந்தது பழைய ஐரோப்பாவும் ஓர் அச்சுப்பொறியும் அல்ல, வேறோர் ஐரோப்பா என்பது அவர் அடிக்கடி சொல்லும் உதாரணம்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பிரிவில் 1970-களின் தொடக்கத்தில் ஊடகச் சூழலியல் பட்டப்படிப்பு தொடங்கியது. அதன் முதல் மாணவர்களில் ஒருவரான கிறிஸ்டின் நிஸ்ட்ரம் 1973-இல் இந்தத் துறையையே ஆய்வுப் பொருளாக்கி முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானார். சிதறிக்கிடந்த இன்னிஸ், மக்லூஹன், ஓங், ஹேவ்லாக், தொழில்நுட்ப வரலாற்றாளர் லூயிஸ் மம்ஃபோர்டு எல்லாரையும் ஒரே பாடத்திட்டத்தில் வரிசைப்படுத்தியதில் அவர் பங்கு பெரிது. வெளியே பெயர் போஸ்ட்மனுடையது; உள்ளே சட்டகம் கட்டியவர் நிஸ்ட்ரம். அந்த வகுப்புகளிலிருந்து ஜோஷுவா மெய்ரோவிட்ஸ் வந்தார். பெரியவர்கள் தங்களுக்குள் பேசியதைக் குழந்தையும், ஆண்கள் கூடியிருந்த அறையைப் பெண்களும் தொலைக்காட்சி வழியே பார்க்க முடிந்தபோது சமூக இடங்களின் சுவர்கள் எப்படிக் கரைந்தன என்று 1985-இல் எழுதினார்.

போஸ்ட்மன் கடைசிவரை கணினியைத் தொடாமல் கையால் எழுதியவர். 1984-இல் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் நாவலாசிரியர் ஆர்வெல் பற்றிப் பேச அழைத்தார்கள். அங்கே அவர், நாம் அஞ்ச வேண்டியது ஆர்வெலின் தடைசெய்யும் அரசைவிட இன்னொரு நாவலாசிரியர் ஹக்ஸ்லியின் மகிழ்ச்சி மாத்திரையை என்றார். அடுத்த ஆண்டு அது அமியூசிங் அவர்செல்வ்ஸ் டு டெத் என்ற நூலாயிற்று. அதில் வரும் ஓர் எடுத்துக்காட்டு: 1854-இல் பியோரியா ஊரில் அரசியல்வாதி டக்ளஸ் மூன்று மணி நேரம் பேசி முடித்தபின், லிங்கன் எழுந்து, எனக்கும் அவ்வளவு நேரம் வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று கூட்டத்தை அனுப்பிவைத்தார். கூட்டமும் திரும்பி வந்தது. அச்சில் வளர்ந்த காதுகளுக்கு அது சாத்தியமாக இருந்தது என்பது போஸ்ட்மன் வாதம். தொலைக்காட்சியில் எல்லாப் பேச்சும், அரசியலும் பிரார்த்தனையும் பாடமும், கேளிக்கையின் உடையைப் போட்டுக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. அந்த நூலின் தலைப்பைத் தழுவி 1992-இல் ரோஜர் வாட்டர்ஸ் ஒரு ராக் இசைத்தொகுப்பே வெளியிட்டார். கேளிக்கையைப் பற்றி எச்சரித்த நூல் கேளிக்கைக் கடைக்குள் போய்ச் சேர்ந்தது.

சங்கம்

1998 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் ஃபோர்ட்ஹம் பல்கலைக்கழகத்தில் ஐந்து பேர் கூடி ஊடகச் சூழலியல் சங்கத்தை நிறுவினார்கள்: லான்ஸ் ஸ்ட்ரேட், தாம் ஜென்கரெல்லி, சூசன் பார்ன்ஸ், கேசி லம், பால் லெவின்சன். ஐவருமே நியூயார்க் பல்கலைக்கழக வகுப்பறையோடு தொடர்புள்ளவர்கள். இடமும் பொருத்தமானது, 1967-68-இல் மக்லூஹன் சிறப்புப் பேராசிரியராக வந்து தங்கிய பல்கலைக்கழகம் அது. ஒரு வகுப்பறையை நம்பி வாழும் கருத்து, ஆசிரியர் ஓய்வுபெற்றால் அனாதையாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நினைத்தது நடந்தது. 2003-இல் போஸ்ட்மன் இறந்தார்; பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் துறைப் பெயரில் ஊடகச் சூழலியல் இல்லை. சங்கம் இருந்தது.

முதல் மாநாடு 2000 ஜூனில் நடந்தது. 2002-இல் சங்கம் தொடங்கிய ஆய்விதழின் பெயரில் டொராண்டோவின் பழைய எக்ஸ்புளோரேஷன்ஸை மறுபடி ஒட்டவைத்தார்கள். மாநாடு பிறகு மெக்சிகோவுக்கும், மக்லூஹனின் நூற்றாண்டான 2011-இல் அவர் பிறந்த எட்மண்டனுக்கும், 2016-இல் இத்தாலியின் பொலோனாவுக்கும் போனது. இது ஒரே கொள்கையில் உறுதிமொழி எடுத்தவர்களின் கூட்டம் அல்ல. தகவல்தொடர்பு ஆசிரியர்கள், இலக்கியக்காரர்கள், இறையியலாளர்கள், கலைஞர்கள் எல்லாரும் உண்டு. தொழில்நுட்பமே எல்லாம் என்பவர்களும் அதை மறுப்பவர்களும் ஒரே அமர்வில் உட்காருகிறார்கள்.

முதல் மாநாட்டில் போஸ்ட்மன் ஆற்றிய தொடக்கவுரையையும், மக்லூஹன் தன் மகன் எரிக்கோடு எழுதி 1988-இல், இறப்புக்குப் பிறகு வெளிவந்த ஊடக விதிகள் நூலையும் அருகருகே வைத்தால் கருத்து நடந்த தூரம் தெரியும். இருவரும் நான்கு கேள்வி வைத்தார்கள். மக்லூஹன் கேட்டவை: இந்த ஊடகம் எதைப் பெருக்குகிறது, எதை ஓரங்கட்டுகிறது, முன்பு மறைந்த எதை மீட்கிறது, எல்லைவரை தள்ளினால் எதுவாகத் தலைகீழாகிறது? போஸ்ட்மன் கேட்டவை: இந்த ஊடகம் பகுத்தறிவுக்கு எவ்வளவு உதவுகிறது, மக்களாட்சிக்கு எவ்வளவு, பொருளுள்ள தகவல் கிடைப்பதற்கு எவ்வளவு, நம் அறவுணர்வுக்கு எவ்வளவு? முதல் நான்கில் நல்லது கெட்டது இல்லை. மக்லூஹன் அதை வேண்டுமென்றே தள்ளிவைத்தார். இரண்டாம் நான்கில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டு பட்டியலிலும் இல்லாத கேள்வி ஒன்று உண்டு: இதைக் கையில் வைத்திருப்பவர் யார்? புலனுக்கு வந்த கருத்து, அறத்துக்கு வந்த கருத்து, உடைமைக்குத் திரும்பி வரவில்லை. இதில் யார்மீதும் குற்றமில்லை. முழக்கமாகப் போகும்போது சுமை குறைய வேண்டியிருந்தது. பள்ளி ஆசிரியரிடம் போகும்போது அவர் தன் வகுப்பில் நாளைக்குச் செய்யக்கூடியதாக அது மாற வேண்டியிருந்தது. கருத்தைச் சுமந்தவை கருத்தை வடித்தெடுத்தன என்பது அந்தக் கருத்துக்கே ஆதரவான சாட்சி. ஆனால் சுமந்தவற்றுக்கு நிதி கொடுத்த அறக்கட்டளையும் அறிக்கை கேட்ட ஒலிபரப்பாளர் சங்கமும் அட்டையில் படம் போட்ட இதழ்களும் கணக்கில் வராவிட்டால் சாட்சியம் பாதிதான். வில்லியம்ஸ் சொன்னது அங்கே சரி.

இன்று கடலடிக் கேபிள்களில் கூகுளும் மெட்டாவும் சொந்தப் பணத்தைப் போட்டிருக்கின்றன. பேச்சு போகும் வழியும், பேசும் மேடையும், பேசியதை வரிசைப்படுத்தும் கணக்கும், பக்கத்தில் நிற்கும் விளம்பரமும் ஒரே கம்பெனியின் கையில் இருக்க முடிகிறது. கைப்பேசி நம் கவனத்தைச் சிதைக்கிறது என்று போஸ்ட்மனை வைத்துப் புலம்பலாம். உலகம் கிராமமாகிவிட்டது என்று மக்லூஹனை வைத்து மேடையில் பேசலாம். இரண்டையும் ஏற்கெனவே போதுமான அளவு செய்தாகிவிட்டது. வழியின் உடைமையாளர் யார், மாறுமிடத்தில் சுங்கம் வாங்குபவர் யார், எந்தப் போட்டி வழி அவர் பிடியைத் தளர்த்தும் என்று கேட்க, படிக்கச் சிரமமான அந்த 1951-ஆம் ஆண்டு நூலுக்குத்தான் போயாக வேண்டும். ஊர்சுற்றும் வேலைக்கு அது லாயக்கற்றது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அலமாரியில் இருந்தபடியே வேலை செய்கிறது.